ரயில் நிலையம் அருகே வாடகை வீடு: கையெழுத்துக்கு முன் கவனிக்க வேண்டியவை

படிப்பு, வேலை, மருத்துவம் எனப் பல காரணங்களுக்காக நம் குடும்பங்கள் சென்னைக்குக் குடிபெயர்கின்றன. பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் வீடு வேண்டும் என்பதே பலரின் முதல் எதிர்பார்ப்பு. ரயில் நிலையமும் அருகில் இருந்தால் வாடகை ஏறிவிடுகிறது. அந்தக் கூடுதல் வாடகை வீண் செலவா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிலையத்தின் அருகே வாடகை 18,000 ரூபாய், மூன்று கிலோமீட்டர் தள்ளி 14,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். மாதம் 4,000 ரூபாய் மிச்சம் போலத் தெரியும். ஆனால் தள்ளியிருக்கும் வீட்டிலிருந்து தந்தை, மகன், மகள் மூவரும் ஷேர் ஆட்டோவில் நிலையத்துக்குப் போய்வர ஆளுக்கு தினமும் 40 ரூபாய் என்றால், 25 நாட்களுக்கு 3,000 ரூபாய். உண்மையான மிச்சம் 1,000 ரூபாய்தான். மஃரிபுக்குப் பிறகு மகள் ஆட்டோவுக்காகச் சாலையோரம் காத்து நிற்பது இந்தக் கணக்கில் சேரவில்லை.

"ஐந்து நிமிட நடைதான்" என்று தரகர் சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது. இரவு எட்டு மணிக்கு நிலையத்திலிருந்து வீடு வரை குடும்பத்தோடு நடந்து பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, பெருஞ்சாலையைக் கடக்க வழி இருக்கிறதா என்று கவனியுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடக்கும் பகுதிகளில், இன்னும் திறக்கப்படாத நிலையத்துக்காக இன்றே கூடுதல் வாடகை கொடுக்கத் தேவையில்லை.

மண்ணடியில் மெட்ரோவும் திருவல்லிக்கேணியில் பறக்கும் ரயிலும் உண்டு. நம்மவர்கள் அதிகம் வாழும் இப்பகுதிகளில் வீடு எளிதில் அமைவதில்லை. மற்ற இடங்களிலோ, பெயரைக் கேட்டதும் "வீடு இல்லை" என்று சொல்லும் கசப்பான அனுபவம் பலருக்கும் உண்டு. அதனால், கிடைத்த வீடு கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்ற அவசரத்தில் ஒப்பந்தத்தைப் படிக்காமலேயே கையெழுத்திடுகிறார்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். முன்பணத்துக்குச் சட்டம் காட்டும் அளவு மூன்று மாத வாடகை. ஆனால் இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்பதால், தொகையைப் பேசிக் குறைப்பது நம் கையில்தான் இருக்கிறது. வாடகைத் தகராறைக் காரணம் காட்டித் தண்ணீரையோ மின்சாரத்தையோ உரிமையாளர் துண்டிக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வாடகைச் சுமைக்குப் பயந்து சிலர் ஒத்திக்கு, அதாவது லீஸுக்குப் போகிறார்கள். சில லட்சங்களைக் கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருந்துவிட்டு, முழுத் தொகையையும் திரும்பப் பெறுகிறார்கள். கொடுத்த பணம் கடன். குடியிருப்பது அந்தக் கடனுக்குக் கிடைக்கும் ஆதாயம். எனவே இது வட்டியில் சேரும் என்பதே மார்க்க அறிஞர்கள் பலரின் தீர்ப்பு. முன்பணத்தை ஏற்றி வாடகையைக் குறைப்பதும் இதே வாசலுக்குத்தான் கொண்டு செல்லும். நியாயமான வாடகையும் அளவான முன்பணமுமே பேணுதலான வழி.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்குமாறு திருக்குர்ஆன் (2:282) வழிகாட்டுகிறது. முன்பணமும் நாளை நமக்குத் திரும்பி வர வேண்டிய பணம்தானே! ரசீது வாங்குங்கள். குடியேறும் நாளில் சுவர், குழாய், மின்விசிறி ஆகியவற்றின் நிலையைப் படம் எடுத்து வையுங்கள். காலி செய்யும்போது மனக்கசப்பு இல்லாமல் பிரிய அது உதவும், இன்ஷா அல்லாஹ்.