குரலை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்

திங்கட்கிழமை காலையில் விழுப்புரம் மாவட்டக் கோலியனூர் கூட்டுரோட்டுக் கணினி மையத்தில், ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் கொடுக்க மனு அடிப்பவர்களைப் பார்க்கிறேன். ஆன்லைனில் பணத்தை இழந்தவர்களும் அங்கே வந்து நிற்கிறார்கள். “பையன் குரல்லதான் சார் பேசுனாங்க” என்பார்கள். என்றைக்கு என்று கேட்டால், “போன வியாழக்கிழமை” என்பார்கள். நான்கு நாளில் அந்தப் பணம் எத்தனை கணக்கு மாறியிருக்குமோ! குறைதீர் கூட்டத்து மனு அதைத் தடுக்காது.

ஒருவர் குரலைப் போலவே உருவாக்கச் செயற்கை நுண்ணறிவுக்குச் சில விநாடிக் குரல் பதிவு போதும். நாம் போடும் ரீல்ஸிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். முகத்தையும் உருவாக்குகிறார்கள். 2023 ஜூலையில் கோழிக்கோட்டில் ஒருவர், பழைய சக ஊழியர் வீடியோ அழைப்பில் கேட்டதாக நம்பி 40,000 ரூபாய் அனுப்பினார். மேலும் 35,000 கேட்டதும்தான் சந்தேகம் வந்து, நண்பரின் பழைய எண்ணுக்கு அழைத்தார். அந்த அழைப்பை முதலிலேயே செய்திருக்க வேண்டும். நீங்களும் அப்படியே செய்யுங்கள்: போனை வையுங்கள், உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

பணம் போய்விட்டதா? உடனே 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள். வங்கிக் கிளை திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பணம் போன நேரம், தொகை, உங்கள் வங்கிக் கணக்கு எண், யுபிஐ ரசீதில் உள்ள 12 இலக்கப் பரிவர்த்தனை எண், அழைத்தவரின் எண் ஆகியவை கையில் இருக்கட்டும். பிறகு ‘சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்’ தளத்தில் புகாரை முழுமையாகப் பதிந்து, ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணோடு விழுப்புரம் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

“இது எங்க எல்லை இல்லை” என்று எந்தக் காவல் நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 173-வது பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரைப் பதியச் சொல்கிறது. மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் புகாரைத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். அலைக்கழித்தால் சோர்ந்துபோவார்கள் என்று நினைப்பவர்களுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

பெண் பிள்ளையின் படத்தை மார்பிங் செய்து மிரட்டினால், பெற்றோர் முதலில் போனைத்தான் உடைக்கிறார்கள். சாட்சியமே அதில்தான் இருக்கிறது! எதையும் அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பணம் கொடுக்காதீர்கள். மேலே சொன்ன சைபர்கிரைம் தளத்தில் பெயர் சொல்லாமலும் இதைப் புகார் செய்யலாம்.

விளையாட்டுக்காக அடுத்தவர் குரலையும் முகத்தையும் போலியாக உருவாக்கும் இளைஞர்களுக்கும் ஒரு சொல்: சம்மதமில்லாமல் செய்வது தவறு. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம்.

நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கான கொள்கையைத் தமிழக அரசு 2020-லேயே வெளியிட்டது. அந்த அக்கறை ஊராட்சி அறிவிப்புப் பலகை வரை வர வேண்டாமா? அதிகாரிகள் எழுதும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றே உங்கள் வீட்டுச் சுவரில், பெரியவர்கள் கண்ணில் படும்படி எழுதுங்கள்: 1930.