நாற்காலி யாருக்கு, செக் புக் யாருக்கு?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிப் போயிருப்பீங்க. சாலையோரம் உப்புக் குவியல், கடல் பக்கம் மீனவர் குப்பங்கள், உள்ளே தள்ளி ஊர்த் தெருவும் காலனியும், அங்கங்கே இருளர் குடியிருப்பு. 2013 ஏப்ரல் 25 அன்று இங்கே நடந்த சாதிக் கலவரத்தில் வீடுகள் எரிந்தன. இந்த மாதிரி இடத்தில் ஒரு அமைப்பு எல்லாருக்கும் பொதுவானதா மாறணும்னா, தலைமைக்கு யாரைக் கொண்டுவருவது? நம்ம ஐ.டி. கம்பெனிகளில் 'டைவர்சிட்டி' என்று பேசுகிற அதே கேள்விதான். இங்கே அதன் பெயர் சாதி.

இதற்குப் பழைய உதாரணம் ஒன்று இருக்கு. இந்தப் பகுதி அப்போது தென்னார்க்காடு மாவட்டம். 1952 தேர்தலில் சென்னை மாகாணக் காங்கிரசுக்கு 375-இல் 152 இடம்தான். வடதமிழகத்தில் வன்னியர் வாக்குகள் அதன் கையை விட்டுப் போயிருந்தன. எஸ்.எஸ்.ராமசாமி படையாட்சியின் உழைப்பாளர் கட்சிக்கு 19 இடம், மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6. மாணிக்கவேலு ராஜாஜி அமைச்சரவையிலேயே சேர்ந்துவிட்டார். படையாட்சி 1954-இல் காமராஜர் வந்தபின் உள்ளாட்சி அமைச்சரானார்.

இது கூட்டணிக் கணக்குதானே என்று கேட்கலாம். ஆமாம், கணக்குதான். ஆனா அதே எட்டுப் பேர் அமைச்சரவையில் இன்னொரு பெயரைப் பாருங்க: பி.பரமேஸ்வரன். தலித் தலைவர். அவருக்கு அரிஜன நலத்தை மட்டும் கொடுத்திருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க. காமராஜர் அறநிலையத்துறையையும் சேர்த்துக் கொடுத்தார். ஆலயப் பிரவேசச் சட்டம் முழுமையா வந்தது 1947-இல். ஏழே வருஷத்தில், உள்ளேயே விடப்படாத சமூகத்திலிருந்து வந்தவர் கோயில் நிர்வாகத்துக்கு அமைச்சர்! 1957-இல் குளச்சலிலிருந்து ஜெயித்த மீனவர் குலப் பெண் லூர்தம்மாள் சைமனுக்கு மீன்வளத்தோடு உள்ளாட்சித் துறையும் போனது. ஆளைத் தேர்ந்தெடுத்ததை விட, அவர்கள் கையில் எந்தக் கோப்பு போனது என்பதைத்தான் நான் பெரிசா நினைக்கிறேன்.

இப்போ பஞ்சாயத்துக்கு வருவோம். 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் சுழற்சி முறையில் ஒதுக்கப்படுது. 1996-இல் ஒதுக்கீடு வந்ததும் மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் பத்து வருஷம் எந்தத் தலைவரும் நிலைக்கவில்லை. ஒண்ணு மனுவே வராது, இல்லேன்னா ஜெயித்தவர் உடனே ராஜினாமா. 2006-இல்தான் அது மாறியது. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997-இல் வெட்டிக் கொல்லப்பட்டார்.

இன்னிக்கு அவ்வளவு வெளிப்படையா எதிர்க்கிறது குறைவு. அதற்குப் பதில் சட்டத்திலேயே ஒரு சந்து இருக்கு. தலைவரை மக்கள் நேரடியா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறாங்க. துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறாங்க. அந்தப் பதவிக்கு ஒதுக்கீடு கிடையாது. ஊராட்சிக் காசோலையிலோ ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். எங்க பாஷையில் சொன்னா, அட்மின் அக்கவுன்ட் ஒருத்தருக்கு, ஓடிபி போகிற போன் இன்னொருத்தர் பாக்கெட்டில்.

பெரும்பான்மைச் சாதி உறுப்பினர்கள் ஒன்றுசேர்ந்து தங்கள் ஆளைத் துணைத்தலைவராக்கிவிட்டால் போதும். அவர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தால் தெருவிளக்கு பல்பு வாங்கின காசுகூடக் கொடுக்க முடியாது. "தலைவருக்கு நிர்வாகம் தெரியல" என்ற பேச்சு அப்புறம் தானா கிளம்பும். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் வெளியே வந்து ஊரே கொதித்தது. காசோலையில் விழாத கையெழுத்தை யாரும் படம் எடுக்க முடியாது.

இரட்டைக் கையெழுத்து ஊழலைத் தடுக்கத்தானே என்பார்கள். நியாயம்தான். ஆனா அதைத் துணைத்தலைவர்தான் போடணுமா? கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறி இத்தனை நாளுக்குள் கையெழுத்து வராவிட்டால் வட்டார வளர்ச்சி அலுவலர் போடலாம் என்று விதி வைத்தால் தணிக்கையும் இருக்கும், வீட்டோவும் இருக்காது. இல்லேன்னா, தலைவர் பதவி ஒதுக்கப்படாத ஊராட்சியில் துணைத்தலைவர் பதவியையாவது ஒதுக்கலாம். வார்டு உறுப்பினரா தனியா உட்கார்ந்திருக்கும் இருளருக்குப் பேனா பிடிக்க அது ஒரு வழி.

விழுப்புரம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் கடைசியா நடந்தது 2021 அக்டோபரில். ஓட்டு எண்ணி, மாலை போட்டு எல்லாரும் கலைந்தபின், சில நாள் கழித்து நாலு சுவருக்குள் துணைத்தலைவர் தேர்தல் நடக்கும். உள்ளூர் நிருபர்கள் அதுக்குப் பெரும்பாலும் போறதில்லை.