காலையில் வெள்ளைப் புகை, மேட்டில் புல்லிங் இல்லை... பழைய பிக்கப் வண்டிக்கு வீட்டிலேயே நாசில் மாற்றலாமா?

அதிகாலை மூன்றரை மணி. தோட்டத்தில் கத்திரிக்காய் மூட்டைகள் கட்டி வைத்திருக்கின்றன. விடிவதற்குள் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லோடை இறக்கியாக வேண்டும். சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் எடுக்கவில்லை. இன்னொரு தடவை. அதற்கும் இல்லை. கடைசியில் மனைவியும் மகனும் பின்னால் நின்று காலி வண்டியைத் தள்ள, தெரு முழுக்க வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு ஒருவழியாக ஸ்டார்ட் ஆகிறது. எதிர் வீட்டு ஜன்னல் படாரென்று சாத்தப்படுகிறது.

பத்து, பதினைந்து வருடம் ஓடிய பொலேரோ பிக்கப்போ, 'குட்டி யானை' என்கிற டாடா ஏஸோ வைத்துப் பிழைக்கும் பல வீடுகளுக்கு இந்தக் காலை புதிதல்ல. ஓனரும் அவர்தான், டிரைவரும் அவர்தான். வண்டி இரண்டு நாள் பட்டறையில் நின்றால் அந்த இரண்டு நாள் வாடகை போச்சு. டியூ தேதி மட்டும் நிற்காது. "நாசில் போயிருக்கும்ணே, நாலையும் மாத்திடலாம்" என்று பட்டறையில் சொன்னதும், 'நாமே கழற்றி மாட்டினால் கூலியாவது மிச்சமாகுமே' என்ற எண்ணம் வருவது இயல்புதான்.

மிச்சமாகும். ஆனால், வீட்டு வாசலில் முடிகிற வேலை எது, முடியாத வேலை எது என்று தெரிந்திருந்தால் மட்டும்!

ஊசி முனையில் ஓடும் வண்டி

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி அழுத்தியே சூடாக்குகிறார்கள். ஓடும் இன்ஜினில் அந்தக் காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சரியான நொடியில் அதற்குள் டீசலைப் பனிபோலத் தூவ வேண்டும். தூவியதும் தானாகப் பற்றிக்கொள்ளும். அப்படித் தூவுகிற உறுப்புதான் இன்ஜெக்டர். அதன் நுனியில் இருக்கும் சின்னப் பாகத்துக்குத்தான் நாசில் என்று பெயர் என்றாலும், நம் பட்டறைகளில் மொத்த இன்ஜெக்டரையுமே நாசில் என்றுதான் சொல்கிறார்கள்.

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் டீசல் பம்ப்பைப் பெருமளவில் தயாரிக்க ஆரம்பித்தது 1927-ல். அதன் இந்தியக் கிளையாக 1951-ல் தொடங்கப்பட்டதுதான் 'மைக்கோ'. 2008-ல் நிறுவனத்தின் பெயர் பாஷ் என்று மாறிவிட்டது. ஆனாலும் பழைய மெக்கானிக்குகளின் வாயில் இன்றும் அது மைக்கோ பம்ப், மைக்கோ நாசில்தான்.

நாசிலுக்குள் ஒரு ஊசி இருக்கிறது. ஊசிக்கும் அது அமர்ந்திருக்கும் கூட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி சில மைக்ரான்கள் மட்டுமே. தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட வராது. இன்ஜின் 2,000 ஆர்.பி.எம்-மில் ஓடினால், ஒவ்வொரு நாசிலும் நிமிடத்துக்கு 1,000 தடவை திறந்து மூடுகிறது. மணிக்கு 60,000 தடவை. இத்தனை நுணுக்கமான இடத்தில் டீசலோடு வந்த தூசியோ தண்ணீரோ நுழைந்தால் என்ன ஆகும்? ஊசி தேயும், ஒட்டும். தூவ வேண்டிய நாசில் ஒழுக ஆரம்பிக்கும். ஒழுகிய டீசல் சரியாக எரியாது. காலையில் வெள்ளைப் புகை, லோடு ஏற்றினால் கறுப்புப் புகை, 'டக் டக்' சத்தம், மேட்டில் திணறல், மைலேஜில் அடி... எல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

எஃப்.சி-க்குப் போகும்போதும் இது கழுத்தைப் பிடிக்கும். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி எடுத்தாக வேண்டும். புகைப் பரிசோதனையில் பி.எஸ்.4-க்கு முந்தைய டீசல் வண்டிக்கு உச்ச வரம்பு 65 ஹெச்.எஸ்.யூ, பி.எஸ்.4 வண்டிக்கு 50. ஒழுகும் நாசிலோடு போனால் அங்கேயே சிக்கல்.

ஆனால், முதல் பழி நாசில்மீது வேண்டாம்

மேலே சொன்ன அத்தனை அறிகுறிகளும் வேறு காரணங்களாலும் வரலாம் என்பதுதான் இதில் இருக்கும் வம்பு. டீசல் ஃபில்டர் அடைத்திருந்தாலும் புல்லிங் இருக்காது. ஏர் ஃபில்டரில் மண் ஏறியிருந்தால் கறுப்புப் புகை வரும். டேங்கிலிருந்து வரும் ரப்பர் டியூபில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் காற்று ஏறி, காலையில் ஸ்டார்ட் ஆகாது. குட்டி யானை போன்ற வண்டிகளில் ஹீட்டர் பிளக் போயிருந்தாலும் இதே தொல்லைதான். இவையெல்லாம் நாசிலை விடக் குறைந்த செலவில் முடிகிறவை. ஃபில்டரை மாற்றிப் பார்க்காமல் நான்கு நாசிலை வாங்குகிறவர், காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனைகூடச் செய்யாமல் ஆபரேஷனுக்குப் போகிறவர் மாதிரி.

அடுத்தது, வண்டி எந்த ரகம் என்று பார்க்க வேண்டும். பானெட்டையோ சீட்டையோ தூக்கினால் தெரிந்துவிடும். பம்ப்பிலிருந்து மெல்லிய இரும்பு பைப்புகள் தனித்தனியாக ஒவ்வொரு நாசிலுக்கும் போகின்றன, நாசிலில் ஒயர் எதுவும் இல்லை என்றால் அது பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டி. எல்லா பைப்பும் ஒரு தடித்த உலோகக் குழாயிலிருந்து பிரிந்து போய், ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் ஒயர் சொருகியிருந்தால் அது காமன் ரெயில். காமன் ரெயிலில் டீசல் அழுத்தம் 1,000 பாரை எளிதாகத் தாண்டும். பல வண்டிகளில் புது இன்ஜெக்டரின் குறியீட்டு எண்ணை கம்ப்யூட்டர் வைத்து வண்டிக்குச் சொல்லவும் வேண்டும். அதை வீட்டில் தொடவே வேண்டாம். இனி சொல்லப்போவது முழுக்கப் பழைய ரக வண்டிக்கு மட்டும்.

கழற்றுவதில் பாதி வேலை, துடைப்பது

இன்ஜின் முழுசாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, சாவியை வேலை செய்கிறவர் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்வது நல்லது. 'அப்பா ஸ்டார்ட் பண்ணட்டுமா?' என்று பிள்ளை ஆசையாகத் திருப்பிவிட்டால் வம்பு.

பதினைந்து வருட எண்ணெய்ப் பிசுக்கும் செம்மண்ணும் நாசிலைச் சுற்றி அப்பியிருக்கும். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே பிரஷ்ஷும் டீசலும் வைத்து அதைக் கழுவி, காற்று அடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். இல்லையென்றால் நாசிலை உருவியதும் அந்த மண் நேராக சிலிண்டருக்குள் விழும். பஞ்சு, நூல் பிரிந்த வேஸ்ட் துணி இரண்டும் இந்த வேலைக்கு ஆகாது; ஒரு நூல் பைப்புக்குள் போனால் போதும், புது நாசிலும் அடைத்துக்கொள்ளும். பழைய காட்டன் சட்டையைக் கிழித்து வைத்துக்கொள்ளலாம்.

பைப்புகளைக் கழற்றும்போது செல்போனில் நான்கு போட்டோ எடுத்துக்கொள்வதும், ஒவ்வொரு நாசிலுக்கும் ஒன்று, இரண்டு என்று எண் எழுதிவைப்பதும் பின்னால் பெரிய உதவி. கழற்றிய பைப்பின் இரண்டு முனைகளையும், பம்ப்பின் வாயையும் உடனே சுத்தமான பிளாஸ்டிக் மூடியால் மூடிவிட வேண்டும். பைப்பை வளைத்து ஒதுக்கக் கூடாது. இடைஞ்சலாக இருந்தால் முழுசாகக் கழற்றி எடுத்துவிடுவதே மேல்.

சில இன்ஜின்களில் நாசிலை கிளாம்ப் பிடித்திருக்கும். சிலவற்றில் நாசிலே மரையில் முறுக்கியிருக்கும். பல வருடம் கழற்றாதது என்றால் கரி பிடித்து இறுகிப்போயிருக்கும். அப்போது அடியில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்புவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நாசில் வளையும், ஹெட்டில் கீறல் விழும். நாசிலுக்கு ஆகவிருந்த செலவு ஹெட்டுக்கு மாறிவிடும். துருவை இளக்கும் ஆயிலை முந்தின நாள் ராத்திரியே ஊற்றி ஊறவைத்து, ஸ்பேனரால் இப்படியும் அப்படியும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் பெரும்பாலும் இளகும். அதற்கும் வரவில்லையா? பட்டறைக்காரரிடம் அதற்கென்று இழுக்கும் கருவி இருக்கிறது. இந்த இடத்தில் தோல்வியை ஒப்புக்கொள்வதில் வெட்கமே இல்லை.

நாசில் வெளியே வந்ததும் பார்க்க வேண்டியது, அடியில் இருந்த காப்பர் வாஷர் கூடவே வந்ததா என்பதை. பல நேரம் அது குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். டார்ச் அடித்துப் பார்க்காமல் அதன்மேலேயே புது வாஷரைப் போட்டு மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. ஒன்றுக்கு இரண்டு வாஷர் என்றால் நாசில் இருக்க வேண்டிய உயரத்தில் இருக்காது. டீசல் தப்பான இடத்தில் தெறிக்கும். 'புது நாசில் போட்டும் புகை போகலையே' என்ற புலம்பலுக்கு இந்தச் சின்ன வளையம் ஒரு காரணம். பழைய வாஷரைத் தீயில் பழுக்கவைத்து மறுபடி போடும் வழக்கமும் உண்டு. புது வாஷரின் விலை அதிகமில்லை என்பதால், அந்தச் சிக்கனம் தேவையில்லாதது.

குழியைத் துடைத்து, சுத்தமான துணியால் அடைத்துவிட்டால் முதல் பாதி முடிந்தது.

கடைக்குப் போயே ஆக வேண்டிய இடம்

வீட்டில் செய்யவே முடியாத வேலை ஒன்று உண்டு. நாசில் சரியாகத் தூவுகிறதா என்று பார்ப்பது. பம்ப், நாசில் வேலை பார்க்கும் கடைகளில் கைப்பிடியும் மீட்டரும் வைத்த டெஸ்டர் இருக்கும். நாசிலை அதில் மாட்டிக் கைப்பிடியை அழுத்தினால், எத்தனை பாரில் திறக்கிறது, பனிபோலத் தூவுகிறதா அல்லது நூல்போலப் பாய்கிறதா, தூவி முடித்ததும் நுனியில் சொட்டு நிற்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். நல்ல நாசில் பலவும் தூவும்போது 'கிர்ர்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அனுபவசாலிகள் அதைக் காதால் கேட்டே சொல்லிவிடுவார்கள்.

திறக்கும் அழுத்தத்தை உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் ஷிம்மும்தான் முடிவு செய்கின்றன. ஷிம் தடிமன் கூடினால் அழுத்தம் கூடும். ஒன்று ஓர் அளவிலும் மற்றது வேறு அளவிலும் திறந்தால் இன்ஜின் நடுங்கும். அதனால் எல்லா நாசிலையும் ஒரே அளவுக்கு செட் செய்து வாங்க வேண்டும். புதுசாக வாங்கினாலும் இந்த டெஸ்ட்டைக் கேட்டுச் செய்துகொள்வது நல்லது. பல நேரம் ஹோல்டர் நன்றாகவே இருக்கும். நுனி மட்டும் மாற்றினால் போதும். ஆனால் ஒரு கூட்டின் ஊசியை இன்னொரு கூட்டில் போடவே கூடாது. இரண்டும் ஜோடி சேர்த்துத் தேய்க்கப்பட்டவை.

கழற்றும் கூலி மிச்சமானதில் இருந்து இந்த டெஸ்ட்டுக்குக் கொடுப்பதில் கணக்குப் பார்க்கக் கூடாது.

குத்தியது தெரியாது... கை போகும்!

டெஸ்டர் இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாமே என்று கேட்பவர்களுக்கும், ஓடும் இன்ஜினில் பைப் நட்டைத் தளர்த்தி 'எந்த சிலிண்டர் மிஸ்ஸிங்' என்று சோதிப்பவர்களுக்கும் ஒரு விஷயம். நாசிலிலிருந்து பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். பழைய வண்டியின் 100, 200 பார் அழுத்தமே அதற்குத் தாராளம். வெளியே ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி மட்டும்தான் தெரியும். வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே போன டீசல் சதைக்குள் பரவி, சில மணி நேரத்தில் கை வீங்கி, விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம்.

அப்படிப் பட்டுவிட்டால் மஞ்சள் வைப்பது, டி.டி ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவது எதுவும் போதாது. உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், 'அழுத்தத்தில் டீசல் கைக்குள்ளே பாய்ந்துவிட்டது' என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். புள்ளியைப் பார்த்து மருத்துவமனையில் சாதாரணக் காயம் என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு என்பதால், சொல்வது முக்கியம்.

கண்ணாடி போட்டுக்கொள்வதும், ஒழுகலைக் கையால் தடவிப் பார்க்காமல் அட்டையைப் பிடித்துப் பார்ப்பதும் இதனால்தான்.

மாட்டுவதும், காற்று எடுப்பதும்

புது வாஷரோடு நாசிலை நேராக இறக்கி, நட்டுகளை முதலில் கையாலேயே மரை ஏற்ற வேண்டும். கையால் நான்கு சுற்று போகவில்லை என்றால் கோணலாக நிற்கிறது என்று அர்த்தம். கிளாம்ப்புக்கு இரண்டு நட்டு இருந்தால் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பது அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். டார்க் ரெஞ்சை வாடகைக்காவது வாங்கி அந்த அளவிலேயே நிறுத்துவது நல்லது. பலம் இருக்கிறதே என்று முறுக்கினால் பைப்பின் முனை நசுங்கும்.

இப்போது லைன் முழுக்கக் காற்று. பேட்டரி ஒயரை மாட்டிவிட்டு, ஃபில்டர் மேலிருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பிரைமரை அமுக்க அமுக்க நுரை நுரையாக டீசல் வரும். நுரை நின்றதும் ஸ்க்ரூவை மூடலாம். அடுத்து நாசில் பக்கத்து பைப் நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தி, மேலே துணியைப் போட்டுவிட்டு, ஒருவர் செல்ஃப் அடிக்க வேண்டும். கீழே இருப்பவர் கையை எடுத்துவிட்டு 'அடி' என்று சொன்ன பிறகுதான் சாவி திரும்ப வேண்டும். தொடர்ந்து பத்து, பதினைந்து விநாடிக்கு மேல் அடித்தால் செல்ஃப் மோட்டார் காய்ந்துவிடும். நடுவில் ஒரு நிமிடம் விட வேண்டும். டீசல் சொட்டத் தொடங்கியதும் நட்டுகளை இறுக்கி, இன்னொரு தடவை செல்ஃப்.

முதலில் இருமும். ஒரு சிலிண்டர் பிடிக்கும், அப்புறம் இன்னொன்று. கொஞ்சம் புகையை விட்டுவிட்டு, ஒரு நிமிடத்தில் சத்தம் சீராகும். ஐடிலில் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொரு நட்டின் அருகிலும் அட்டையைப் பிடித்துப் பார்க்க வேண்டும். நாசில் அடியிலிருந்து 'புஸ் புஸ்' என்று காற்று வந்தால் வாஷர் சரியாக உட்காரவில்லை. நிறுத்தி, ஆறவைத்து, மறுபடி கழற்றத்தான் வேண்டும்.

லோடு ஏற்றுவதற்கு முன்னால் காலி வண்டியோடு பக்கத்து மேட்டில் ஒரு நடை. திரும்பி வந்து, இன்ஜின் ஆறியதும் கிளாம்ப் நட்டுகளின் இறுக்கத்தை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, தேதியையும் மீட்டரில் உள்ள கிலோமீட்டரையும் ஆர்.சி புத்தகத்தோடு இருக்கும் நோட்டில் எழுதிவைக்கலாம். மறுநாள் மூன்றரை மணிக்குத் தள்ள ஆள் எழ வேண்டுமா என்பது அப்போது தெரிந்துவிடும்.