காணாமற்போன வன்தட்டு



மடிக்கணினி இன்று பல வீடுகளில் பீரோவுக்கு நிகரான பொருளாகிவிட்டது. நம் பாடக் குறிப்புகள், அக்காவின் சான்றிதழ்களின் படிகள், தாத்தாவின் எண்பதாம் பிறந்தநாள் புகைப்படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அது மெதுவாக ஓடத் தொடங்கினால், "விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிடலாம்" என்று வீட்டில் யாரேனும் ஒருவர் சொல்வார். பென் டிரைவைச் செருகி, மொழியைத் தேர்ந்து, நிபந்தனைகளுக்கு உடன்பட்டு, "எங்கே ஏற்றுவது?" என்று கேட்கும் திரைக்கு வந்து சேருகிறோம். அங்கே வன்தட்டின் பெயரும் அளவும் இருக்க வேண்டும். பட்டியலோ வெறுமையாக இருக்கிறது. டிரைவ் எதையும் காணவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் தெரிகிறது.

"ஐயோ, வன்தட்டு போய்விட்டது!" என்று முடிவு கட்டிப் புதியதற்குப் பணம் கொடுப்பவர்கள் உண்டு. பழையதைத் தூக்கி எறிந்து, தாத்தாவின் படங்களையும் அதனுடன் இழப்பவர்களும் உண்டு. ஆனால் காணவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவது எப்படி என்பதையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

வன்தட்டு என்னும் பெயரே இப்போது பழங்கதை. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவியில் 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அத்தனையும் சேர்ந்து சுமார் 50 இலட்சம் எழுத்துகளைத்தான் தாங்கின. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் சுழலும் தட்டே கிடையாது. 22 மில்லிமீட்டர் அகலமும் பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரு சிறு அட்டையில் சில்லுகள் பதிந்திருக்கின்றன. அதைத்தான் எஸ்.எஸ்.டி. என்கிறோம். பழக்கத்தை விட முடியாமல் வன்தட்டு என்றும் சொல்லி வருகிறோம்.

இந்த அட்டையை விண்டோஸ் நிறுவி நேரே பார்ப்பதில்லை. நடுவில் கட்டுப்படுத்தும் பகுதி ஒன்று உண்டு. ஒரு பெரிய வீட்டை எண்ணிப் பாருங்கள். வீட்டுக்காரர் உள்ளேதான் இருக்கிறார், வாசலில் காவலாளி நிற்கிறார். வந்த விருந்தாளிக்குக் காவலாளியின் மொழி தெரியாவிட்டால், "வீட்டில் யாரும் இல்லை போலும்" என்று திரும்பிப் போய்விடுவார் அல்லவா? அந்த மொழியைக் கற்றுத் தரும் சிறு மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். வன்தட்டை டிரைவ் என்றும், அதனுடன் பேச உதவும் மென்பொருளை டிரைவர் என்றும் அழைப்பது நம்மைக் குழப்புவதற்கென்றே வைத்ததுபோல் இருக்கிறது!

இன்டெல் நிறுவனத்தின் பதினோராம் தலைமுறைச் செயலிகள் 2020இல் மடிக்கணினிகளுக்கு வந்தபோது வி.எம்.டி. என்னும் புதிய காவலாளியும் அவற்றுடன் வந்தார். எஸ்.எஸ்.டி.க்களை ஒன்றாக நிர்வகிப்பது அவர் வேலை. பல மடிக்கணினிகள் இந்த வசதி இயங்கும் நிலையிலேயே விற்பனைக்கு வருகின்றன. கணினியுடன் வந்த விண்டோஸில் அதற்குரிய டிரைவரைத் தயாரிப்பாளரே சேர்த்துவிடுகிறார், ஆகவே அதுவரை ஒரு தொல்லையும் இல்லை. நாம் தனியே உருவாக்கிய பென் டிரைவில் அந்த டிரைவர் பெரும்பாலும் இருப்பதில்லை. நேற்று வரை நன்றாக இருந்த வன்தட்டு இன்று மறைந்துபோனதன் இரகசியம் இதுதான்.

எனவே முதல் வேலை பயாஸைப் பார்ப்பது. கணினியை அணைத்து மீண்டும் இயக்கும்போது ஒரு விசையை விட்டு விட்டுத் தட்ட வேண்டும். டெல், ஏசர், ஏசுஸ் ஆகியவற்றில் பொதுவாக எப்2, எச்.பி.யில் எப்10. அங்கே வன்தட்டின் பெயரும் கொள்ளளவும் தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது, அது உயிரோடு இருக்கிறது. வி.எம்.டி. இயங்கும் சில கணினிகளில் வழக்கமான பட்டியலில் இல்லாமல், இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் என்ற பக்கத்தில் அது ஒளிந்திருக்கும். அதையும் திறந்து பார்த்துவிட வேண்டும். எங்கும் தெரியாவிட்டால்தான் அட்டை தளர்ந்திருக்கலாம், பழுதாகியிருக்கலாம், அல்லது அந்த இடத்துக்குப் பொருந்தாத வகையாக இருக்கலாம் என்று ஐயப்பட வேண்டும். அப்போது கணினியைத் திறக்கப் பழகியவரிடம் கொடுப்பதே நல்லது. வீட்டில் கிடைக்கும் திருப்புளியோடு தம்பியை அருகில் விடவேண்டாம்.

பயாஸில் தெரிகிறது, நிறுவியில் தெரியவில்லை என்றால் டிரைவரைத் தேட வேண்டும். வேறொரு கணினியில், நம் மாடலுக்குரிய இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரைத் தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இறக்கிய கோப்பை அப்படியே பென் டிரைவில் போட்டால் நிறுவிக்கு அது புரியாது. அதைப் பிரித்து, உள்ளிருக்கும் ஐ.என்.எப். என்று முடியும் கோப்பும் அதன் துணைக் கோப்புகளும் தனி உறையில் இருக்குமாறு வைக்க வேண்டும். பிறகு அந்த வெறுமையான திரையில் லோட் டிரைவர் என்பதை அழுத்தி, பிரௌஸ் மூலம் அந்த உறையைக் காட்டினால், வி.எம்.டி. என்ற பெயர் தாங்கிய வரி ஒன்று தோன்றும். அதைத் தேர்ந்து அடுத்ததற்குச் சென்றால் சில நொடிகளில் வன்தட்டு பட்டியலில் வந்து நிற்கும்.

பழுதறிந்தவர்கள் இந்த டிரைவரை எப்6 டிரைவர் என்று சொல்வதைக் கேட்கலாம். 2001இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி நாட்களில், நிறுவும்போது எப்6 விசையை அழுத்திப் பிளாப்பி வட்டிலிருந்து டிரைவரைத் தர வேண்டியிருந்தது. பிளாப்பி மறைந்து ஆண்டுகள் பல ஆகியும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

வேறொரு வழியும் உண்டு. பயாஸில் வி.எம்.டி.யை அணைத்துவிட்டால் விண்டோஸ் தன்னிடமுள்ள டிரைவரைக் கொண்டே வன்தட்டைக் கண்டுகொள்ளும். கடைகளில் இதைத்தான் சட்டென்று செய்துவிடுகிறார்கள். எங்களுக்கு முன்னதே மேலாகப் படுகிறது. ஏனெனில் வி.எம்.டி.யோடு பழகிய பழைய விண்டோஸ், அதை அணைத்ததும் தொடங்க மறுத்து நீலத்திரை காட்டக்கூடும். வன்தட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், பயாஸ் மாற்றத்தைக் கண்டு 48 இலக்க மீட்பு எண்ணையும் கேட்கக்கூடும். அந்த எண் பெரும்பாலும் அப்பாவின் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். அப்பாவுக்கோ கடவுச்சொல் நினைவிருக்காது! ஆகவே எதையும் தொடுமுன் அந்த எண்ணைத் தாளில் எழுதி வைப்பது அவசியம். பழைய விண்டோஸ் தொடங்கவில்லை என்றால், மாற்றிய அமைப்பை முன்போல் வைத்தாலே பொதுவாக அது எழுந்துவிடும்.

வன்தட்டு தோன்றிய மகிழ்ச்சியில் கை பரபரப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. அதிலுள்ள பகுதிகள் வரிசையாகத் தெரியும், டெலிட் என்ற பொத்தானும் பக்கத்திலேயே இருக்கும். ஒரு பகுதியை அழித்தால் அதிலுள்ள படங்களும் போய்விடும். வன்தட்டு உயிரோடு இருப்பது உறுதியான பின், நிறுவலை அங்கேயே நிறுத்தி, பழைய விண்டோஸுக்குத் திரும்பி, வேண்டியவற்றை வேறொரு வட்டில் படியெடுத்துவிட்டு வருவதில் ஒரு மாலைப்பொழுதுதான் செலவாகும். பட்டியலில் நம் பென் டிரைவும் ஒரு வட்டாகத் தோன்றக்கூடும் என்பதால், பெயரை நம்பாமல் கொள்ளளவைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

விண்டோஸ் 11 ஏற்றுவோருக்கு ஒரு செய்தி. வன்தட்டின் டிரைவரைப் போலவே வைபையின் டிரைவரும் பென் டிரைவில் இல்லாமற்போகலாம். ஏற்றி முடிந்ததும் முதல் திரைகளிலேயே அது இணைய இணைப்பைக் கேட்கும். வைபை டிரைவரையும் அதே பென் டிரைவில் இன்னோர் உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து அதன் இணையத்தைக் கொடுங்கள்.