மொட்டைக் கடிதமும் விளம்பரப் புத்தகமும்

சங்கத்தின் பெயரில் மாத இதழோ ஆண்டு மலரோ நடத்தும் நிர்வாகிகளுக்கு இரண்டு தொல்லைகள் தவறாமல் வரும். ஒன்று, விளம்பரம் சேருவதில்லை. மற்றொன்று, பெயரும் முகவரியும் இல்லாத மொட்டைக் கடிதங்கள் நிற்பதில்லை. இவை தனித்தனித் தொல்லைகள் என்றே பலரும் எண்ணுகிறோம். ஆனால் ஒன்றைத் தவறாகக் கையாண்டால் மற்றதும் கெடும். பழவேற்காடு வட்டாரத்தை உதாரணமாக வைத்து இதைப் பார்ப்போம்.

சிறிய வட்டம், நிச்சயமான வாடிக்கை

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில், பொன்னேரி வட்டத்தில் உள்ளது பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டித் துணி ஏற்றுமதி செய்த துறைமுகமும் இதுவே. இன்று அங்கே வியாபாரம் என்றால் இறால், நண்டு, மீன், கருவாடு. அவற்றைச் சார்ந்து வலைக்கடை, ஐஸ், எஞ்சின் உதிரி பாகங்கள், மளிகை.

இத்தகைய மீனவ ஊர்களுக்காக ஒரு சங்கம் 500 பிரதிகள் கொண்ட இதழ் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். நாளிதழ்களின் விற்பனையோடு ஒப்பிட்டுக் கூச்சப்பட வேண்டியதில்லை. வலைக்கடைக்காரருக்கு லட்சம் வாசகர் எதற்கு? வலை வாங்குகிற 300 பேர் பார்த்தால் போதும். விளம்பரம் கேட்கப் போகும்போது இந்த உண்மையைத்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். பிரதிகளின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லக்கூடாது. சிறிய ஊரில் அது ஒரே மாதத்தில் வெளிப்பட்டுவிடும்.

முகதாட்சண்யத்துக்காகக் கொடுக்கும் "வாழ்த்துகிறோம்" விளம்பரம் ஒரு முறைதான் வரும். வலையின் கண்ணி அளவு, நூலின் தரம், விலை, தவணை உண்டா இல்லையா என்று எழுதிய விளம்பரம் சரக்கை விற்கும். அந்தக் கடைக்காரர் அடுத்த மாதமும் வருவார். காலமும் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். எஞ்சின் பழுது பார்ப்போர், உதிரி பாகம் விற்போர் ஆகியோரின் விளம்பரத்தை அதற்கு முன்பே கேட்டு வாங்க வேண்டும்.

அட்டைப் பக்கம் யாருக்கு என்பதில் மனக்கசப்பு வருவதுண்டு. இதற்குப் பழவேற்காட்டிலேயே வழி இருக்கிறது. ஏரியில் வலை கட்டும் இடங்களை உரிமையுள்ள மீனவர்கள் சீட்டுப் போட்டு, முறை வைத்து மாற்றிக்கொள்ளும் பழக்கத்துக்குப் "பாடு" என்று பெயர். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. பின்னட்டைக்கும் அப்படி முறை வைக்கலாம்.

மொட்டைக் கடிதம் வந்தால்

ஒரே கையெழுத்து, ஒரே புகார், மாதந்தோறும் வேறு வேறு உறையில் வரும். "இன்னார் எடையில் ஏய்க்கிறார்", "இன்னார் பழைய மீனை ஐஸில் மறைத்து விற்கிறார்" என்று இருக்கும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பது பழமொழி. ஆனால் ஊர் வாய்க்கு நம் இதழில் பக்கம் ஒதுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கடிதத்தை அச்சிட்டால் எழுதியவர் தப்பிவிடுவார். அவதூறு வழக்கில் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆசிரியரும் வெளியீட்டாளரும்தான். ஒவ்வொரு கடிதத்துக்கும் இதழில் மறுப்பு எழுதினாலும் எழுதியவருக்கு வெற்றியே. அடுத்த கடிதம் உடனே வரும். பெயர், முகவரி இல்லாத கடிதம் ஏற்கப்படாது என்ற அறிவிப்பை ஒவ்வொரு இதழிலும் ஒரே இடத்தில் போட்டுவிட்டு ஓய்ந்துவிட வேண்டும். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையமே பெயரில்லாப் புகார்கள் மீது நடவடிக்கை கூடாது என்று 1999-ல் உத்தரவிட்டது; 2014-லும் அதை வலியுறுத்தியது.

வெளியில் சொல்ல முடியாத நியாயமான குறை உள்ளவரும் இருப்பார். கடன் வாங்கிய வியாபாரியைப் பற்றி மீனவர் எப்படிப் பெயர் போட்டு எழுதுவார்? அவர் பெயரைச் சங்கச் செயலாளர் மட்டும் அறிந்து, இதழில் மறைத்துக் கொடுக்கலாம். சரிபார்க்கக்கூடிய புகார் என்றால், தராசு முத்திரை காலாவதியாகாமல் இருக்கிறதா என்று சங்கமே அமைதியாகப் பார்த்துவிடலாம். மிரட்டல் கடிதம் வேறு விஷயம். உறையோடு பத்திரப்படுத்திக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும். பெயரை மறைத்து மிரட்டுவது முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 507-வது பிரிவில் குற்றம். 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா 351(4)-ல் வருகிறது.

இரண்டும் சேரக் கூடாது

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஒரு கடையைப் பற்றி மொட்டைக் கடிதம் வந்த வாரத்திலேயே அந்தக் கடையில் போய் விளம்பரம் கேட்பது. நாம் ஒன்றும் நினைக்காமல் கேட்டாலும், "கொடுக்காவிட்டால் கடிதத்தைப் போட்டுவிடுவார்களோ" என்று கடைக்காரர் அஞ்சுவார். அப்போது அது விளம்பரம் இல்லை, வாய்ப்பூட்டுக் காசு.

சென்னையில் 1940-களில் "சினிமா தூது", பின்னர் "இந்து நேசன்" இதழ்களை நடத்திய லட்சுமிகாந்தன், பிரபலங்களின் அந்தரங்கத்தை எழுதியே பிழைத்தார். எழுதாமலிருக்கப் பணம் வாங்கினார் என்ற பேச்சும் பலமாக இருந்தது. 1944 நவம்பரில் அவர் குத்திக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் தண்டனை பெற்று, 1947-ல்தான் விடுதலையானார்கள். அதே சென்னையில் விளம்பரத் தொழிலில் இருந்த எஸ்.எஸ். வாசன், 1928-ல் "ஆனந்த விகடன்" இதழை விலைக்கு வாங்கி வளர்த்தார். வாசகருக்குப் பிடித்ததைக் கொடுத்தார், விளம்பரமும் வந்தது. இரண்டு வழிகளும் நம் கண்முன் உள்ளன.

ஆகவே கடிதப் பெட்டியைத் திறப்பவர் ஒருவராகவும், விளம்பரப் புத்தகம் எடுத்துச் செல்பவர் வேறொருவராகவும் இருக்கட்டும். கடிதத்தில் என்ன வந்தது என்பது இரண்டாமவருக்குத் தெரியவே வேண்டாம். பற்று வரவை நேராக எழுதும் வணிகர்களுக்கு இது கடினமான காரியமல்ல. இதழைப் பார்த்து யாரும் அஞ்சாத ஊரில்தான் கடைக்காரர் தாமாக விளம்பரம் கொடுப்பார்.