டயாலிசிஸ்: காப்பீடு எதுவரை கைகொடுக்கும்?

வாரத்துக்கு ரெண்டு, மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் 4 மணி நேரம். டெல்டா கிராமங்களிலிருந்து தஞ்சாவூருக்கு டயாலிசிஸுக்கு வர்றவங்களுக்கு பஸ் செலவே பெரிய சுமை.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ளா? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் டயாலிசிஸும் சிறுநீரக மாற்று சிகிச்சையும் உண்டு. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் பதியலாம். உடம்பு நல்லா இருக்கும்போதே பதிஞ்சிடுங்க.

தனியார் பாலிசியில், ஒருநாள்கூட அட்மிட் ஆகாவிட்டாலும் டயாலிசிஸ் பொதுவா 'டே கேர்' கணக்கில் வரும். ஆனா சுகரோ பி.பி-யோ ஏற்கெனவே இருந்தா, அதனால் வரும் கிட்னி பாதிப்புக்கு 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்லலாம். மறைச்சு எடுத்தா க்ளெய்மே சிக்கல்.

அம்மா கிட்னி தர்றாங்கன்னா, அவங்க ஆபரேஷன் செலவைத் தரும் பல பாலிசிகள் முன்பரிசோதனைக்குத் தராது. மாற்று சிகிச்சைக்குப் பிறகு தினமும் போடவேண்டிய மாத்திரைக்கும், டிஸ்சார்ஜ் ஆன சில மாதங்களோட கை விரிச்சிடும்.