ஆண்டறிக்கையைப் படிப்போம் – 17: பூண்டுக்கு விலை உண்டு, பாதரசத்துக்கு?

கொடைக்கானல் செயின்ட் மேரிஸ் சாலையில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. அமெரிக்காவின் வாட்டர்டவுனில் மூடப்பட்டு, 1980களில் இந்த மலைக்கு வந்து சேர்ந்த ஆலை. பாண்ட்ஸ் கம்பெனியின் சொத்தாக இருந்து, 1998இல் பாண்ட்ஸ் இணைக்கப்பட்டபோது இந்துஸ்தான் லீவரின் (இன்றைய இந்துஸ்தான் யூனிலீவர்) கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் அதே ஊரின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடப்பதை ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் வெளியே கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. 2003இல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் சமரசம் செய்துகொண்டது 2016 மார்ச்சில்.

அது முடிந்த சில வாரங்களில், 2016 ஏப்ரல் 1 முதல், இந்தியாவின் பெரிய நிறுவனங்கள் புதிய கணக்கியல் தரங்களுக்கு மாறின. அவற்றில் 113ஆம் தரம்தான் இந்த வாரம் நமக்கு வேண்டியது. நிறுவனம் கையில் வைத்திருக்கும் நிதிக் கருவிகளுக்கு, அதாவது ஃபண்டு யூனிட்டுகள், கடன் பத்திரங்கள், டாலர் ஒப்பந்தங்கள் போன்றவற்றுக்கு, நியாய மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்று அது சொல்கிறது. வாங்கிய விலை முக்கியமில்லை. கணக்கு முடிக்கும் நாளில், அவசரமோ கட்டாயமோ இல்லாமல், விவரம் தெரிந்த ஒருவருக்கு விற்றால் என்ன கிடைக்கும் என்பதே கேள்வி.

இதற்கு மூன்று படிகள். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளையும் மலைப்பூண்டை எடுத்துக்கொள்ளுங்கள். வடுகபட்டி சந்தையில் அதே ரகம் இன்று விலை போயிருந்தால் அந்த விலையே மதிப்பு. இது முதல் படி. உங்கள் ரகம் இன்று விற்கவில்லை, ஆனால் கொஞ்சம் சிறிய ரகம் விற்றிருக்கிறது என்றால் அதிலிருந்து கூட்டிக் கழித்துச் சொல்லலாம், இரண்டாம் படி. பூண்டு இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது, மழை எப்படியோ தெரியாது என்றால் அனுபவத்தை வைத்து ஒரு மதிப்பு போடவேண்டியதுதான், மூன்றாம் படி.

பங்குச்சந்தையில் தினமும் கைமாறும் பங்கு முதல் படியில் வரும். நாணய மாற்று முன்பேர ஒப்பந்தம் பொதுவாக இரண்டாம் படி. டாலர் விலையும் வட்டி விகிதமும் ஊரறிந்தவை, மிச்சம் கணக்கு. வில்லங்கமெல்லாம் மூன்றாம் படியில்தான். இதே இந்துஸ்தான் யூனிலீவரிடமிருந்தே ஓர் உதாரணம் எடுக்கலாம். கேரளத்து இந்துலேகா எண்ணெய் பிராண்டை 2016இல் அது வாங்கியது. விலை 330 கோடி ரூபாய். அதற்கு மேல், 2018 நிதியாண்டு தொடங்கி ஐந்து ஆண்டுகளுக்கு உள்நாட்டு விற்பனையில் 10 சதவீதம். இந்தப் பின்பாக்கிக்கு வாங்கிய அன்றே ஒரு தொகை போட்டாக வேண்டும். எண்ணெய் எவ்வளவு விற்கும் என்று எந்தச் சந்தை சொல்லும்?

போட்டுப் பார்ப்போம், எண்கள் என் கற்பனை. ஆண்டுக்கு 100 கோடி விற்றால் கொடுக்கவேண்டியது 10 கோடி. ஐந்து தவணை, மொத்தம் 50 கோடி. 9 சதவீத வட்டியில் இன்றைய மதிப்புக்குக் குறைத்தால் 38.90 கோடி. வட்டியை 12 ஆக்கினால் 36.05 கோடி. விற்பனை 150 கோடி என்று யாராவது நினைத்தால், 9 சதவீதத்திலேயே 58 கோடியைத் தாண்டிவிடும். பொருள் ஒன்று, நினைப்பவர் யார் என்பதைப் பொறுத்து எண் மூன்று. இதில் ஒரு வேடிக்கை: எண்ணெய் எதிர்பார்த்ததைவிட நன்றாக விற்றால் இந்தப் பாக்கி ஏறும், ஏறிய அளவு அந்த ஆண்டு லாபத்தில் குறையும்.

கணிப்பு எவ்வளவு ஆடும் என்பதை 2020இல் பார்த்தோம். ஜனவரி 16 அன்று, அரசுக்குக் கட்டவேண்டிய நிலுவை பற்றிய வோடஃபோன் ஐடியாவின் சீராய்வு மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளியது. அந்த நிறுவனத்தின் கடன் பத்திரங்களை ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஃபண்டு அன்றே முழுப் பூஜ்யமாக எழுதியது. ஜூலையில் முதிர்ந்த பத்திரத்துக்கு அசலும் வட்டியும் வந்து சேர்ந்தன. இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். தெரியாததற்கு விலை போடச் சொன்னால் இப்படித்தான் நடக்கும்.

சரி, கொடைக்கானல் மண் இந்த மூன்றில் எந்தப் படி? எதிலும் இல்லை. ஆலை வளாகத்தைச் சுத்தம் செய்யும் கடமை நிதிக் கருவி அல்ல. அது வேறொரு தரத்தில், 37ஆம் எண்ணில், ஒதுக்கீடு என்ற தலைப்பில் வரும். செலவு வர வாய்ப்பு அதிகம் என்று தோன்றி, நம்பகமாகக் கணக்கிட முடிந்தால் நிர்வாகத்தின் சிறந்த மதிப்பீட்டை எழுதவேண்டும். முடியாவிட்டால் பின்குறிப்பில் ஒரு பத்தி போதும். கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை விடலாம் என்ற அளவுகோலை அதிகாரிகள் ஏற்றார்கள். பாம்பார் சோலையை ஒட்டிய இடத்துக்கு அது போதாது என்று சுற்றுச்சூழல் இயக்கத்தினர் வாதாடினார்கள். ஆலையால் உடல்நலப் பாதிப்பு இல்லை என்பதே நிறுவனத்தின் நிலை. அளவுகோல் எங்கே நிற்கிறதோ அங்கேதான் செலவும் நிற்கும். தொழிலாளர்களுக்குப் பேசி முடித்த தொகையோ வெளியிடப்படவே இல்லை. அந்த 2015-16இல் நிறுவனத்தின் நிகர லாபம் 4,000 கோடிக்கு மேல். அவ்வளவு பெரிய கணக்கில் ஒரு மலையூரின் செலவு 'இதர' என்ற வரிக்குள் அடங்கிவிட இடமுண்டு. சட்டம் அதைத் தடுக்கவில்லை.

ஒருநாள் டாலர் விலை நகர்ந்தால் பைசா சுத்தமாகக் காட்டும் கணக்கியல், மண்ணில் இறங்கிய பாதரசத்தைப் பற்றி ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்வது என் கண்ணுக்குக் குறையாகவே படுகிறது.

உங்களிடம் எந்த நிறுவனத்தின் பங்கு இருந்தாலும், அடுத்த ஆண்டறிக்கை வந்ததும் இரண்டு குறிப்புகளைத் தேடுங்கள். நியாய மதிப்பு அட்டவணையில் மூன்றாம் படியில் எவ்வளவு இருக்கிறது, அதை எந்த அனுமானத்தில் போட்டார்கள் என்பது ஒன்று. ஒதுக்கீடுகளும் வரக்கூடிய பொறுப்புகளும் பற்றிய குறிப்பு மற்றொன்று. புரியாவிட்டால் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேளுங்கள். ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் அந்த உரிமை உண்டு.